பேய்க்கரட்டுக்குப் பெயர் மாற்றியவன்

திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பி வடநாடு வரைக்கும் போய்ப் பாறையைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிற ரிக் லாரிகளில் சில என்னுடையவை. ராசிபுரம் ரோட்டில் இருக்கும் கோழிப் பண்ணை என்னுடையது. சூறைக்காற்றில் பறந்துபோன கூரையை நானே மேலே ஏறி நின்று மறுபடியும் இறுக்கினேன். கல்யாண மண்டபம் கட்டினேன். “இந்தப் பாறையில் அஸ்திவாரம் தோண்ட நீ பிறந்து வர வேண்டும்” என்று சிரித்த இன்ஜினியர், பிற்பாடு தன் மகள் முகூர்த்தத்தை அங்கேதான் வைத்தார். அஸ்தம்பட்டியில் மகனுக்கு மாடி வீடு எழுப்பிக் கொடுத்தேன். இவ்வளவுக்கும் என் படிப்பு ஐந்தாம் வகுப்பு. அதையும் நான் முழுதாக முடித்ததாக எங்கள் வாத்தியார் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை.

ஆனால் நான் கட்டியதில் பெரியது இவற்றில் எதுவும் இல்லை. நான் ஓர் ஊருக்குப் பெயர் கட்டினேன். அப்போது எனக்குப் பத்து வயது. போட்டிருந்த அரை டிராயரின் பின்பக்கம் கிழிந்திருந்தது.

இதை இப்போது எழுத வைத்தவள் மகள் வயிற்றுப் பேத்தி. வேல்ஸ் என்ற நாட்டில் ஆஸ்பத்திரி வேலை பார்க்கிறாள். இங்கிலாந்தின் விலாவில் ஒட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாடு, பேச்சு வேறு. அங்கே ரோட்டுப் பலகைகள் இரண்டு பாஷையில் இருக்கின்றன. விடுமுறை நாளில் காரில் போகும்போதெல்லாம் போனைத் தூக்கிப் பிடித்து எனக்குக் காட்டுவாள்.

“அப்பிச்சி, இங்க ‘அபெர்’னு ஆரம்பிச்சா ஆறு போய்ச் சேர்ற வாய்னு அர்த்தம். ‘பென்’னா உச்சி. ‘லான்’னா கோயிலடி. ‘மோயல்’னா மொட்டை மலை.”

“மொட்டக்கரடுன்னு சொல்லு” என்றேன்.

அந்த ‘லான்’ என்பதை நாக்கை மேலே ஒட்டிப் பக்கவாட்டில் காற்றை ஊதிச் சொல்ல வேண்டுமாம். சொல்லிப் பார்த்தேன். பல்செட் கழன்று மடியில் விழுந்தது. மற்றபடி அதில் எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. இங்கேயும் அதே பழக்கம்தான். புதிதாகக் குடியேறினால் புதூர், பிழைக்க இடம் மாறி வந்தால் வலசு, மேட்டில் இருந்தால் மேட்டூர். கண்ணில் பட்டதை வாய் சொல்கிறது; வாய் சொன்னது பெயராகிறது. வெள்ளைக்காரனுக்கும் கண்ணும் வாயும் நம்மைப் போலத்தானே வைத்திருக்கிறது!

பிறகு ஒரு ரயில் நிலையத்தைக் காட்டினாள். பெயர்ப்பலகையின் நீளம் ஒரு லாரியின் நீளம் இருக்கும். ஊரின் பழைய பெயர் சின்னதுதானாம். ரயில் வந்த காலத்தில், போகிற வருகிற ஜனங்கள் ஆச்சரியப்பட்டு இறங்கிப் பார்க்கட்டும் என்று ஒரு தையல்காரர் அதை இழுத்து இழுத்து நீட்டிவிட்டாராம். அப்படித்தான் அங்கே சொல்கிறார்கள்.

“இன்னைக்கும் அந்த டெய்லரைத்தான் சொல்றாங்க அப்பிச்சி” என்றாள்.

போனை வைத்த பிறகு என்னால் உட்கார முடியவில்லை. அவர் ஏற்கனவே இருந்த பெயரை நீட்டினார். நான் இருந்த பெயரையே துரத்திவிட்டு வேறு ஒன்றை உட்கார வைத்தவன்.

எங்கள் குடும்பம் பங்காளிச் சண்டையில் பழைய ஊரை விட்டு வந்த குடும்பம். ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு போகும் ரோட்டில், ஒரு மேட்டின் மேல், மண்வெட்டி பட்டால் நெருப்புப் பறக்கும் நிலத்தில் அப்பா குடிசை போட்டார். கூட வந்த சில குடும்பங்களும் பக்கத்தில் போட்டுக்கொண்டன. வீடுகளுக்குப் பின்னால் ஒரு கரடு. கரடு என்றால் மலை என்று சொல்ல முடியாத சிறிய பாறைக்குன்று. ஆடி மாதக் காற்று அந்தப் பாறை இடுக்குகளில் நுழைந்தால் ஊளையிடுவது போலக் கேட்கும். அதனால் அந்த இடத்துக்குப் பேய்க்கரடு என்று பெயர். பேயை யாரும் பார்த்ததில்லை. பெயரை மட்டும் சுற்று வட்டாரத்தில் ஒருவரும் மறந்ததில்லை.

அந்த ரோட்டில் ஒரு பஸ் போய் வந்துகொண்டிருந்தது. கண்டக்டர் ஒல்லியான ஆள். அவர் வாய் மட்டும் பருமன். எங்கள் மேடு வந்ததும் விசிலைக் கடித்துக்கொண்டே கத்துவார்.

“பேய்க்கரடு எறங்கறதெல்லாம் எறங்கு! மனுசனெல்லாம் முன்னால, பேயெல்லாம் பின்னால!”

பஸ்ஸே சிரிக்கும். எங்கள் ஆட்கள் தலையைக் குனிந்துகொண்டு இறங்குவார்கள். அப்பா பின்வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் முன்வாசல் வழியாகத்தான் இறங்குவார்.

அந்த வருடம் அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு இளையவர்களான சித்தப்பன் பெண்களுக்கெல்லாம் கல்யாணம் முடிந்திருந்தது. முதலில் வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்கள், பச்சைமாவும் வடையும் சாப்பிட்டார்கள், முகம் மலர்ந்துதான் இருந்தார்கள். கிளம்பும்போது அவர்களில் மூத்த அம்மாள் ஆத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்குக் கேட்டது.

“பொண்ணு தங்கமாட்ட இருக்குதுங்க. ஆனா இந்தப் பேரை ஆயுசுக்கும் எப்பிடீங்க வாயால கூப்பிடறது?”

இரண்டாவதாக வந்தவர்கள் இறங்கவே இல்லை. கண்டக்டர் கத்தியதைக் கேட்டதும், அடுத்த நிறுத்தத்துக்கு டிக்கெட்டை நீட்டித்துக்கொண்டு போய்விட்டார்கள். விருந்துக்கு ஆக்கி வைத்ததை நாங்கள் சாப்பிட்டோம். எனக்கு அன்றைக்கு இரண்டு வடை அதிகம் கிடைத்தது என்பதைத் தவிர மற்றது உறைக்கவில்லை. ஆனால் அக்கா எருமையின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டு பால் கறந்தாள். எருமை கால் மாற்றி நின்ற பிறகும் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் இந்தப் பெயரை ஒழித்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன். அந்த மூத்த அம்மாளுக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து பேய்க்கரடு என்று டிக்கெட் கேட்கக் கூச்சம், அவ்வளவுதான் விஷயம் என்பது என் கணக்கு.

பெரியவர்களும் சும்மா இருக்கவில்லை. ஆத்தாவின் தம்பி, எங்கள் மாமன், திருச்செங்கோட்டு லாரிப் பட்டறையில் வேலை பார்த்தவர். உலகம் தெரிந்தவர் என்று அவரே சொல்லிக்கொள்வார். “பேரு மாத்தறது ஒரு பெரிய காரியமா? ஒரு போர்டு மாட்டுனா முடிஞ்சுது” என்று பட்டறையிலிருந்து தகரம் ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் மஞ்சள் அடித்து, சிவப்பில் ‘லட்சுமிபுரம்’ என்று எழுதி, ரோட்டோரப் புளியமரத்தில் அறைந்தார். தேங்காய் உடைத்தோம். வெடிகூட விட்டோம்.

பொழுது சாயும் நேரம் பஸ் வந்தது. கண்டக்டர் தலையை வெளியே நீட்டிப் பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு உள்ளே திரும்பிச் சொன்னார்:

“பேய்க்கரட்டுக்குப் புதுசா போர்டு வெச்சிருக்காங்கோ!”

மாமன் விடவில்லை. மறுவாரம் ராசிபுரத்தில் பஸ் ஏறி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி “லட்சுமிபுரம் ஒண்ணு” என்றாராம்.

“அப்பிடியொரு ஊரு இந்த ரோட்டுலயே இல்லீங்களே.”

“இருக்குது. போர்டு இருக்குது பாரு.”

“போர்டு இருக்கற ஊரு பேய்க்கரடு. அதுக்கு வேணும்னா டிக்கெட் தாரேனுங்க.”

“அந்தப் பேரை என்ற வாயால சொல்ல மாட்டன்.”

“சொல்லாட்டி எப்பிடீங்க நிறுத்தறது?”

மாமன் வாயைத் திறக்கவில்லை. வண்டியும் நிற்கவில்லை. எங்கள் வீட்டு வாசலில் நான் நின்று கையை ஆட்ட ஆட்ட, ஜன்னல் ஓரம் விறைப்பாக உட்கார்ந்தபடி மாமன் எங்களைக் கடந்து போனார். மேட்டுக்கு அந்தாண்டை வெகுதூரத்தில் இறங்கி, வெயிலில் நடந்து திரும்பி வந்து, ஒரு குடம் தண்ணீரை நின்றபடியே குடித்தார். “மானம் போகல” என்றார். செருப்பு அறுந்திருந்தது.

இனி என் பங்கு. பள்ளிக்கூடம் கோடை விடுமுறையில் இருந்தது. வேலை இல்லாமல் புளியமரத்தடியில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு ஒன்று புலப்பட்டது. அந்தக் காலத்துப் பஸ், மேடு ஏறி வரும்போது எங்கள் இடத்துக்கு வருவதற்குள் பாதி நாள் கொதித்துப் போகும். முன்மூக்கிலிருந்து ஆவி பறக்கும். டிரைவர் வண்டியை ஓரம் கட்டி, ஈரத் துணியைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகுவார். கண்டக்டர் தகர டின்னை எடுத்துக்கொண்டு பள்ளத்தில் இருக்கும் கிணற்றுக்கு ஓடுவார். பஸ்ஸில் இருப்பவர்கள் இறங்கி நிழல் தேடி நின்று, நாக்கு வறண்டு, எங்கள் கரட்டைத் திட்டுவார்கள்.

நான் நாலு வேப்பங்கொம்பு வெட்டி நட்டேன். மேலே பனையோலை போட்டேன். அடியில் மணலைக் குவித்துப் பெரிய பானை வைத்தேன். குடிக்க ஒரு செம்பு. பக்கத்தில், பஸ்ஸுக்கென்று தனியாக ஒரு தகர டின் நிறையத் தண்ணீர். மனிதனுக்கு மட்டும் ஊற்றாதே, வண்டிக்கும் ஊற்று என்று அக்கா சொன்னாளா, நானே யோசித்தேனா என்பதில் இன்றைக்கும் எங்களுக்குள் வழக்கு உண்டு. வழக்கில் நான்தான் நீதிபதி; தீர்ப்பு எனக்குச் சாதகம்.

தண்ணீர் சேந்தியது அக்காதான். எங்கள் கிணறு ஆழம். அந்தக் கோடையில் அது இன்னும் ஆழமாகியிருந்தது. கல்யாண வயதுப் பெண் ரோட்டோரம் வந்து நிற்கக் கூடாது என்று வீட்டில் கட்டு. அதனால் குடத்தைக் கிளுவை வேலி வரைக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றுகொள்வாள். அங்கிருந்து பானை வரை தூக்கிப் போவது நான்.

“என்றா, தரும தொரை, இன்னைக்கு எத்தனை கொடம்?” என்பாள் வேலிக்கு அந்தப்பக்கமிருந்து.

“பஸ்ஸு குடிக்கறதைப் பொறுத்து.”

“உன்ற பஸ்ஸு எருமையை விட மோசமா இருக்குதே!”

முதல் நாள் கண்டக்டர் டின்னோடு குதித்தவர், என் டின்னைப் பார்த்து நின்றுவிட்டார். நான் அதை டிரைவரிடம் தூக்கிக் கொடுத்தேன். டிரைவர் ஊற்றினார். ரேடியேட்டர் களக் களக் என்று குடித்தது. பஸ்ஸிலிருந்து இறங்கிய கூட்டம் பானையைச் சுற்றிக்கொண்டது. ஒரு கிழவர் செம்பை அண்ணாந்து குடித்துவிட்டு, மீதித் தண்ணீரை என் தலையிலேயே ஊற்றி, “நல்லாரு சாமி” என்றார்.

“யாரு பையன்டா நீ?” என்றார் கண்டக்டர்.

“இந்த ஊருங்க.”

“எந்த ஊரு? சொல்லு, பேரைச் சொல்லு பாப்பம்” என்று இளித்தார்.

மாமனைப் போல நான் முறைக்கவில்லை. லட்சுமிபுரம் என்றும் சொல்லவில்லை. “தண்ணி வேணும்னா இவத்திக்கு நிறுத்துங்க” என்று மட்டும் சொன்னேன். வியாபாரத்தில் பின்னாளில் நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. வாங்குகிறவன் வாயில் நம் சொல்லைத் திணிக்கக் கூடாது. அவனுக்குத் தாகம் எடுக்கட்டும். சொல் தானாக வரும்.

வந்தது. முதலில், “அந்தத் தண்ணி ஊத்தற பையன் நிக்கற எடத்துல நிறுத்துங்க” என்று ஒரு அம்மாள் கேட்டாள். சில நாள் கழித்து, “தண்ணிப் பந்தல் கிட்ட எறங்கோணும்” என்றார் ஒரு மூட்டைக்காரர். பிறகு ‘கிட்ட’ உதிர்ந்தது. டிரைவரே, ஏற்றத்தில் ஆவி கிளம்பினால், “பொறுத்துக்க தாயி, தண்ணிப்பந்தல் வந்துட்டுது” என்று வண்டியிடம் சொல்ல ஆரம்பித்தார். எல்லோருக்கும் கடைசியாக, வேண்டா வெறுப்பாக, ஒரு மத்தியானம் கண்டக்டர் விசிலை எடுத்தார்.

“தண்ணிப்பந்தல் எறங்கு!”

வேலிக்கு அந்தப்பக்கம் குடம் கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது. அக்காவும் கேட்டிருக்கிறாள்.

ஜெயித்தோம் என்று நான் சொல்ல வேண்டிய இடம் இன்னும் வரவில்லை. நாமகிரிப்பேட்டையிலிருந்து ஒரு வரன் வந்தது. தரகரிடம் அப்பா, “ராசிபுரத்துல பஸ் ஏறி தண்ணிப்பந்தலுக்கு டிக்கெட் வாங்கச் சொல்லுங்க” என்று ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார். மாமனும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பழைய பலகையை முந்தின நாளே கழற்றிக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக்கிவிட்டார்.

பஸ் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதலில் இறங்கினார். பின்னால் அவர் மனைவி, உறவுக்காரர்கள். அந்த நேரம் பார்த்து ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர், வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஊருக்கே கேட்கிற மாதிரி கேட்டார்:

“ஏனுங்க, இது பேய்க்கரடு இல்லீங்களா?”

மாப்பிள்ளையின் அம்மா படியில் வைத்த காலை எடுக்கவில்லை. அப்பாவின் முகம் சாம்பலாகிவிட்டது. மாமன் எனக்குப் பின்னால் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த வாயால் வருகிற எதுவும் காரியத்தைக் கெடுக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அவர் காலை மிதித்தேன்.

பதில் சொன்னவர் கண்டக்டர்.

“பேய்க்கரடா? அது எங்கயோ அக்கட்டால இருக்குதுங்க. நம்ம வண்டி அங்கெல்லாம் போறதில்ல. இது தண்ணிப்பந்தல். தெரியாட்டி எறங்கி ஒரு சொம்பு குடிச்சுட்டு ஏறுங்க, தெளிஞ்சுக்கும்.”

பஸ் சிரித்தது. ஆனால் இந்தத் தடவை எங்களைப் பார்த்து இல்லை. மாப்பிள்ளையின் அம்மாவும் இறங்கினாள். நான் செம்பை நீட்டினேன். மாப்பிள்ளையின் அப்பா குடித்துவிட்டுக் கேட்டார்:

“இது யாரு பந்தலு சாமி?”

“எங்குளுதுங்க.”

“பொண்ணு ஊடு எது?”

“அதுவும் எங்குளுதுதானுங்க.”

அவர் திரும்பி மனைவியைப் பார்த்தார். “எறங்குன எடத்துலயே நெறகொடம் வெச்சிருக்குது. இதுக்கு மேல என்ன சகுனம் பாக்கறது நீ?” என்றார். அந்த அம்மாள் பந்தலைப் பார்த்தாள், பானையைப் பார்த்தாள், வாய்க்குள் ஊர்ப்பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். புடவைக் கடையில் துணியை விரலால் தேய்த்துப் பார்ப்பார்களே, அப்படி. “நல்லாத்தான் இருக்குதுங்க” என்றாள்.

வைகாசியில் கல்யாணம். மாமன்தான் பந்தியில் ஓடியாடிப் பரிமாறினார். யார் கேட்டாலும், கேட்காவிட்டாலும், “இந்த ஊர்ப் பேருக்கு மொத மொத முயற்சி எடுத்தது நாந்தான்” என்றார். கண்டக்டருக்குத் தலைவாழை இலை போட்டேன். மாப்பிள்ளை ஊருக்குப் போக அக்காவும் மாப்பிள்ளையும் அதே பஸ்ஸில் ஏறியபோது, “தண்ணிப்பந்தல், ரைட்!” என்று நானே குரல் கொடுத்து, நானே பஸ்ஸின் பின்பக்கத்தைத் தட்டினேன். மறுநாள் காலையில் வேலிக்கருகே குடம் இல்லை என்பதைப் பார்த்தபோதுதான், மாப்பிள்ளை வீட்டார் இறங்குவதற்காக நான் உண்டாக்கிய இடத்தில் அக்கா ஏறிப் போய்விட்டாள் என்பது தெரிந்தது. அதற்கப்புறம் தண்ணீரை நானே சேந்தினேன். இந்தத் தோள்கள் அந்தக் கிணற்றில் வளர்ந்தவை.

சில வருடம் கழித்து அக்காவுக்குச் சீர் கொண்டு நாமகிரிப்பேட்டை போனேன். மீசை அரும்புகிற வயது. தெருமுனைக் கடையில் அக்காவின் பெயரைச் சொல்லி வீடு கேட்டேன். “அப்பிடி யாரும் இங்க இல்லியே சாமி” என்றார்கள். மாப்பிள்ளையின் அடையாளம் சொன்னேன்.

“அட, நம்ம பந்தலாளைக் கேக்கறயா! நீ பந்தலா தம்பியா? மொதல்லயே சொல்றதில்ல!”

என்னோடு வீட்டைக் காட்ட வந்த அம்மாள் சுவருக்கு மேல் எட்டி, “பந்தலாக்கா, உங்க தம்பி வந்திருக்குது” என்று கூப்பிட்டாள். உள்ளிருந்து அக்கா, “வாரேன்” என்றாள், பிறந்ததிலிருந்து அதுதான் தன் பெயர் என்பது போல. வந்த மருமகளை அவள் பிறந்த ஊரை வைத்துத்தான் அங்கே கூப்பிடுகிறார்கள். ஆத்தாவும் அப்பாவும் வைத்த பெயர் தாலி கட்டிய நாளோடு சரி. அதே தெருவில் ஒரு பெரியம்மாவுக்குக் ‘குப்பமேட்டா’ என்று பெயர். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அவள் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்க்க வேண்டியிருந்தது. முதலில் வந்த அந்த மூத்த அம்மாள், ஆயுசுக்கும் எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாளே, அது என்ன கேள்வி என்று எனக்கு அந்தச் சுவரோரம்தான் புரிந்தது. பத்து வயதில் நான் பஸ் நிற்கிற இடத்துக்குப் பெயர் வைப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். என் அக்காவுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அந்தப் பையனுக்குத் தெரியாது.

இன்றைக்குத் தண்ணீர்ப்பந்தல் பெரிய ஊர். பேக்கரி இருக்கிறது, இன்ஜினியரிங் காலேஜ் பஸ்கள் நிற்கின்றன. பேய்க்கரடு என்றால் பேக்கரிக்காரப் பையன் எந்த மாவட்டம் என்று கேட்கிறான். இப்போது ஊரில் கமிட்டி போட்டு முகப்பில் அலங்கார வளைவு கட்டுகிறார்கள். வளைவுக் காலில் கல்வெட்டு வைத்து, பண்டைக் காலத்தில் ஒரு ராஜா திருச்செங்கோட்டு மலைக்கோயிலுக்குப் போகும் பக்தர்களுக்காக இங்கே தண்ணீர்ப் பந்தல் அமைத்தார், அதனால் இப்பெயர் என்று பொறிக்கப் போகிறார்களாம். எந்த ராஜா என்று கேட்டேன். “ஏதோ ஒரு ராசாதானுங்க. ராசான்னு போட்டாத்தான் ஊருக்குக் கெத்து” என்றான் கமிட்டிப் பையன். அக்காவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “அந்த ராசாவுக்குத் தண்ணி சேந்திக் குடுத்தது நானாடா?” என்று கேட்டு, இருமல் வரும் வரைக்கும் சிரித்தாள்.

கமிட்டிக்கு என் பேச்சு இதுதான். கல் நான் தருகிறேன், பொறிப்பதற்கு ஆளும் நான் தருகிறேன். ராஜாவை எடுத்துவிடுங்கள், அவருக்கு நாட்டில் வேறு ஊரா இல்லை? பந்தல் போட்டு இந்த ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவன் என்று என் பெயரை வெட்டுங்கள். அதற்கு அடுத்த வரியில், தண்ணீர் சேந்தியவள் என்று அக்காவின் பெயரை, எங்கள் ஆத்தாவும் அப்பாவும் வைத்த பெயரை, முழுதாக வெட்டுங்கள். எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஓடுகிற பஸ்ஸிலிருந்து படிக்க முடிய வேண்டும்.